தோட்டத்து அலமாரியும் மறையாத கறையும்

தீபாவளி நெருங்கும் வாரங்களில் ஈப்போ வட்டாரத்துச் சாயக் கடைகளில் கூட்டம் கூடிவிடுகிறது. சுவருக்கு ஒரு வாளி, சன்னல் கம்பிக்கு ஒரு டின், அப்படியே "பழைய அலமாரிக்கும் கொஞ்சம் வெள்ளை" என்று கேட்டு வாங்கிப் போகிறவர்கள் பலர். அந்த அலமாரி பெரும்பாலும் தோட்டத்திலிருந்து வந்ததாக இருக்கும். மேலே ஒரு கண்ணாடி, கீழே மூன்று நான்கு லாச்சி, பக்கத்தில் சிறு கதவு. லயத்தைக் காலி செய்து லாரியில் சாமான் ஏற்றிய அன்று தகரப் பெட்டியும் இரும்புக் கட்டிலும் அதோடுதான் வந்தன. அவையெல்லாம் பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டன. அலமாரி மட்டும் நிற்கிறது.

அதற்கு வெள்ளைச் சாயம் பூசுகிறார்கள். அன்று மாலை பளிச்சென்று இருக்கிறது. மறுநாள் காலையில் பார்த்தால் தேநீர் சிந்திய துணிபோல் ஆங்காங்கே பழுப்பு. இன்னொரு பூச்சு பூசுகிறார்கள். இரண்டு நாளில் மஞ்சள் மறுபடி மேலே வருகிறது. மூன்றாவது, நான்காவது என்று பூசிப் பூசிச் சாயம் தடித்து, லாச்சி இழுக்க வராமல் இறுகிப்போனதுதான் மிச்சம். "சாயம் மட்டம்" என்று கடைக்காரர் மேல் கோபம் வருகிறது. "மரம் உளுத்துப்போச்சு" என்று வீட்டுப் பெரியவர் முடிவு கட்டுகிறார். கடைசியில் அலமாரி வீட்டுக்குப் பின்னால் மழையில் நிற்கிறது. அடுத்த ஆண்டு குப்பை லாரியில் ஏறுகிறது. பாட்டி கலியாணத்துக்கு வாங்கிய பொருள், இரண்டு மூன்று டின் சாயச் செலவோடு சேர்ந்து போய்விடுகிறது.

சாயமும் மட்டமில்லை, மரமும் உளுக்கவில்லை. அந்தப் பழுப்பு வெளியிலிருந்து ஒட்டியதல்ல, மரத்துக்குள்ளிருந்து ஏறி வருவது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதையாக, மேலே மேலே பூசி அதை மறைக்க முடியாது. ஏறி வரும் வழியை ஒருமுறை அடைத்துவிட்டால் போதும். எது ஏறி வருகிறது என்று தெரிந்தால்தான் எதைக் கொண்டு அடைப்பது என்று தெரியும்.

அடுப்புக்குப் போன மரம், அறையில் நின்ற மரம்

பேராக் மாநிலத்துக்கும் பால்மரத்துக்கும் உள்ள உறவு பழையது. 1877-ஆம் ஆண்டில் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்த இரப்பர் கன்றுகளில் 9 கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. அதன்பிறகு சுங்கை சிப்புட், பத்து காஜா, தாப்பா, பீடோர் என்று எங்கும் பால்மரக் காடுதான். அப்படிப்பட்ட இடத்தில் வாழ்ந்தவர்களின் வீட்டு அலமாரி பால்மரத்தில் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்றுதான் இளைய தலைமுறை நினைக்கும். பழைய அலமாரிகளில் அநேகமாக ஒன்றுகூட அப்படியில்லை.

காரணம் எளிது. பால்மரத்தின் கட்டையில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சை பிடித்து நீலம் பாய்ந்துவிடும்; வண்டு துளைத்து மாவாக்கிவிடும். ஆகவே 25, 30 ஆண்டு பால் கொடுத்து ஓய்ந்த மரம் வெட்டப்பட்டதும் நேரே விறகானது. லயத்து அடுப்பிலும், இரப்பர் தகட்டைப் புகைபோடும் கூடத்திலும் அதுதான் எரிந்தது. போரிக் அமிலமும் வெண்காரமும் கலந்த கரைசலை அழுத்தத்தில் மரத்துக்குள் செலுத்தி, சூளையில் உலர்த்தும் முறை பரவிய பிறகுதான், 1980-களில் பால்மரம் மேசை நாற்காலியாகி ஏற்றுமதிக்குப் போனது.

அதற்கு முன்பு லயத்து அலமாரியைச் செய்தவர்கள் தோட்டத்துத் தச்சர்களும் பட்டணத்துச் சீனத் தச்சர்களும். கைக்கு வந்தது காட்டு மரம்: மெராந்தி, ஞாத்தோ, மெர்பாவ், சில வீடுகளில் செங்கால், கிராணி வீடுகளிலும் துரை பங்களாவிலும் தேக்கு. கறை ஏறும் கதை இங்கேதான் தொடங்குகிறது. பால்மரம் வெளுப்பு, அதிலிருந்து பழுப்பு ஏறுவது அபூர்வம். காட்டு மரங்களோ துவர்ப்புச் சத்து நிறைந்தவை. பாக்கைக் கடித்தால் நாக்கை இழுக்கிறதே, கடுக்காயைத் தொட்டால் வாய் சுருங்குகிறதே, அதே இனத்துச் சத்துதான் அந்த மரங்களின் செம்பழுப்பு நிறத்துக்கும் காரணம். பூச்சியும் பூஞ்சையும் அண்டாமல் மரம் தனக்காகச் சேர்த்து வைத்தது அது.

இதில் மெர்பாவ் தனி ரகம். 2019-ஆம் ஆண்டில் மலேசியாவின் தேசிய மரமாக அறிவிக்கப்பட்ட பெருமை அதற்கு உண்டு. மெர்பாவ் பலகையில் மழை பட்டால் கீழே உள்ள சிமெண்டுத் தரையில் பழுப்பு நீர் வழிந்து கறை படிவதைக் கண்டவர்கள் இருப்பார்கள். வெறும் மழைக்கே அப்படி என்றால் நீர்க்கலப்புச் சாயத்துக்கு என்ன ஆகும்? சாயத்தில் உள்ள தண்ணீர் மரத்துக்குள் இறங்கி, துவர்ப்புச் சத்தைக் கரைக்கிறது. சாயம் காயும்போது தண்ணீர் மேலே வந்து ஆவியாகிறது. கரைந்த நிறம் அதோடு ஏறி வந்து மேலேயே தங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு இவ்வகைச் சாயங்கள் சற்றே காரத்தன்மை கொண்டவை. துவர்ப்புச் சத்து காரம் பட்டால் இன்னும் கறுக்கும். தேயிலைப் பொட்டலத்தை வெந்நீரில் போட்டுவிட்டு நிறம் இறங்கக்கூடாது என்று எதிர்பார்ப்பதைப் போன்றது மெர்பாவ் அலமாரிக்கு நேரடியாக நீர்க்கலப்புச் சாயம் பூசுவது. இரண்டாவது பூச்சு என்பது இரண்டாவது முறை வெந்நீர் ஊற்றுவது.

புகை, விளக்கெண்ணெய், மஞ்சள்

மரம் மட்டும் குற்றவாளி அல்ல. லயத்து வீட்டில் சமையலறைக்கும் படுக்கும் இடத்துக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான் இருந்தது. ஆண்டுக்கணக்கில் எரிந்த விறகின் புகையும் மண்ணெண்ணெய் விளக்கின் கரியும் அலமாரியில் படிந்திருக்கும். துடைத்தால் போகிற தூசு அல்ல அது. எண்ணெய்ப் பசையோடு மரத்தின் நுண்துளைகளில் இறங்கிய கரி. இப்படிப் பார்த்தால், அலமாரியாக முடியாத பால்மரம் விறகாக எரிந்து, அலமாரியில் தன் அடையாளத்தை விட்டுப் போயிருக்கிறது.

பல வீடுகளில் அந்த அலமாரியின் தலைதான் சாமி மேடை. நல்லெண்ணெய் விளக்கு, சாம்பிராணி, கற்பூரம், குங்குமம் எல்லாம் அங்கே. எண்ணெய் ஊறிய இடத்தில் எந்தச் சாயமும் பிடிக்காது. வட்ட வட்டமாக விலகும். மஞ்சள் கறைக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. அதன் நிறச்சத்து தண்ணீரில் அநேகமாகக் கரையாது, ஸ்பிரிட்டில் நன்றாகக் கரையும். சோப்புப் போட்டுத் தேய்த்தால் காரம் பட்டுச் சிவப்பாகும். பார்ப்பவர் பயந்துபோய் இன்னும் தேய்ப்பார். வெயிலில் இரண்டு மூன்று நாள் வைத்தால் தானே வெளுத்துவிடும். காசு செலவில்லாத இந்த வைத்தியத்தை முதலில் செய்து பார்ப்பது நல்லது.

வெற்றிலைப் பெட்டி இருந்த லாச்சியில் பாக்குக் கறை இருக்கும். அதுவும் துவர்ப்பு இனமே. ஆணி அடித்த இடத்திலும் பூட்டுக் கொக்கி இருந்த இடத்திலும் கறுப்பு வட்டம் தெரிந்தால் அது இரும்பும் துவர்ப்பும் சேர்ந்த வேலை. கடுக்காய்ச் சாற்றில் இரும்பைச் சேர்த்து மை காய்ச்சியவர்களும், கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு தீட்டியவர்களும் பயன்படுத்தியது இதே சேர்க்கைதான். ஆக, அந்தக் கறுப்பு அசல் மை, சோப்புக்கு அசையாது. ஆக்சாலிக் அமிலத்தைத் தண்ணீரில் கரைத்துத் தடவினால் வெளுக்கும். அது நஞ்சு. கையுறையோடு செய்து, பலமுறை நல்ல தண்ணீரால் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். குளோரின் கலந்த வெளுப்பானை அதோடு சேர்த்துவிடக்கூடாது, நச்சுவாயு கிளம்பும்.

எல்லாவற்றிலும் கெட்டது சொலிக்னம். கறையான் அரிக்காமலிருக்க வீட்டுத் தூணுக்கும் வேலிக்கட்டைக்கும் அடித்த கறுப்பு எண்ணெய் அது. சில பழைய சாமான்களின் பின்பலகைக்கும் கால்களுக்கும் கையோடு அதையே அடித்திருப்பார்கள். தார் இனத்தைச் சேர்ந்த கிரியோசோட் எண்ணெய் கொண்ட பூச்சு எத்தனை ஆண்டு கழித்தும் வெளிச்சாயத்தின் வழியே கசியும். வெயில் படும் நாளில் மூக்கை வைத்தால் வாசனை சொல்லிவிடும். அந்தப் பலகையைக் கழற்றி வேறு பலகை போடுவதே புத்திசாலித்தனம். உணவுப் பொருளோ குழந்தைத் துணியோ வைக்கும் அலமாரி என்றால் யோசிக்கவே வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முன்பே சிவப்பு இனாமல் அடித்த அலமாரி என்றால், வெள்ளை இளஞ்சிவப்பாக மாறக்கூடும். பழைய சிவப்புகளில் சில, புதிய சாயத்தின் தின்னரில் கரைந்து மேலே வரும். செங்காவி நிறம் இரும்புத் துருவிலிருந்து வருவது என்பதால் அது அசையாது. இரண்டுக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, துணிக்குத் தெரியும்.

மூன்று துணிச் சோதனை

சாயக் கடைக்குப் போவதற்கு முன்பு பழைய வெள்ளைப் பனியனை மூன்று துண்டாகக் கிழித்துக்கொள்ள வேண்டும். ஒன்றைத் தண்ணீரிலும், இன்னொன்றை மெத்திலேட்டட் ஸ்பிரிட்டிலும், மூன்றாவதை டர்பெண்டைனிலும் நனைத்து, அலமாரியில் அதிகம் கண்ணுக்குப் படாத இடத்தில் ஒரு நிமிடம் அழுத்தித் தேய்க்க வேண்டும். மேற்பூச்சு இருந்தால், சிறு இடத்தில் அதை மெல்லத் தேய்த்து நீக்கி, வெறும் மரத்தில் செய்வது இன்னும் சரி. ஆனால் பழைய சாயம் பூசிய அலமாரி என்றால், தேய்ப்பதற்கு முன் கீழே ஈயத்தைப் பற்றிச் சொல்லியிருப்பதைப் படித்துவிட வேண்டும்.

தண்ணீர்த் துணியில் பழுப்பு இறங்கினால் அது மரத்தின் துவர்ப்பு, அல்லது பழைய தண்ணீர்க் கறை. ஸ்பிரிட் துணியில் இறங்கினால் பழைய மெருகில் கலந்த நிறமாகவோ மஞ்சளாகவோ இருக்கலாம். மேற்பரப்பு பிசுபிசுவென்று இளகினால் அந்த மெருகே அவலரக்கு என்று பொருள். டர்பெண்டைன் துணியில் அழுக்கு மஞ்சளாக வந்தால் மெழுகு, எண்ணெய், புகைப் பசை. கறுப்பாக வந்து தார் வாசனை அடித்தால் சொலிக்னம்.

இந்தச் சோதனையின் பயன் என்னவென்றால், எந்தத் திரவம் கறையைக் கரைக்கிறதோ அந்தத் திரவம் கலந்த சாயத்தை முதல் பூச்சாகப் போடக்கூடாது என்பது உடனே தெரிந்துவிடும். தண்ணீரில் கரைவதற்கு நீர்க்கலப்புச் சாயம் ஆகாது. டர்பெண்டைனில் கரைவதற்கு எண்ணெய்ச் சாயம் ஆகாது. "நல்ல கம்பெனிச் சாயம்தானே வாங்கினோம்" என்று அங்கலாய்ப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான். விலை உயர்ந்த சாயத்திலும் தண்ணீர் தண்ணீர்தான்.

அரக்கு என்னும் கதவு

அப்படியானால் ஸ்பிரிட்டில் கரையும் கறைக்கும் தண்ணீரில் கரையும் கறைக்கும் பொதுவாக எதைப் பூசுவது? பழைய தச்சர்கள் கண்ட விடை அரக்கு. புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளையில் ஒட்டி வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. இந்தியாவில் ஜார்க்கண்ட் மாநிலம் அதற்குப் பெயர்பெற்றது. பாண்டவர்களுக்குக் கட்டிய அரக்கு மாளிகையும், பதிவுத் தபாலில் வைத்த அரக்கு முத்திரையும் தமிழர் அறிந்தவை. அந்த அரக்கைச் சுத்தம் செய்து சிறு சிறு தகடாக்கியதே அவலரக்கு. ஆங்கிலேயர் ஷெல்லாக் என்றார்கள்.

ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசினால் அது சில நிமிடங்களில் காய்ந்துவிடுகிறது. ஸ்பிரிட்டில் கரையும் நிறம்கூட ஏறி வர அவகாசமில்லை. சிறிதளவு முதல் பூச்சிலேயே சிக்கிக்கொள்ளும், இரண்டாவது பூச்சு அதையும் மூடும். காய்ந்த அரக்குப் படலத்தின் வழியே துவர்ப்பும் புகைப்பசையும் வாசனையும்கூடக் கடந்து வருவது கடினம். மேலே நீர்க்கலப்புச் சாயமோ எண்ணெய்ச் சாயமோ எதுவும் பிடிக்கும். வெள்ளை நிறமி கலந்து, கறையடைக்கும் அடிப்பூச்சாகவே அரக்கு டின்னில் கிடைக்கிறது. சொந்தமாகக் கலப்பவர்கள் ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு ஏறத்தாழ 240 கிராம் தகடு போட்டு ஓர் இரவு ஊறவிடலாம். மெழுகு நீக்கிய தகடாக இருக்க வேண்டும். மெழுகு இருந்தால் மேல்சாயம் சில சமயம் உரிந்துவரும். பல மாதம் வைத்திருந்த கரைசல் சரியாகக் காயாது, ஒட்டிக்கொண்டே இருக்கும்.

கடையில் கேட்கும்போது ஒரு குழப்பம் வரும். மலாயில் "ஷெலெக்" என்று பேச்சுவழக்கில் சொல்வது பல இடங்களில் எந்த வார்னிஷையும் குறிக்கிறது. ஷெலெக் கேட்டு வார்னிஷ் வாங்கி வந்து பூசிவிட்டு "அரக்கும் வேலை செய்யவில்லை" என்று சொல்வதில் நியாயமில்லை. டின்னில் எதில் கலக்க வேண்டும் என்று போட்டிருப்பதைப் பார்க்க வேண்டும். ஸ்பிரிட் அல்லது ஆல்கஹால் என்று இருந்தால் அரக்கு. தின்னர் அல்லது டர்பெண்டைன் என்று இருந்தால் வேறு. "சேண்டிங் சீலர்" என்று கொடுப்பது மரத்தை வழவழப்பாக்குவதற்கு, கறையை அடைக்காது.

அரக்கு கிடைக்காவிட்டால், துவர்ப்புக் கறைக்கு எண்ணெய்க் கலப்பு அடிப்பூச்சு ஓரளவு போதும். பிசின் கசியும் மரத்துக்கு அலுமினியத் தூள் கலந்த மர அடிப்பூச்சு பழைய நாளிலிருந்தே நம்பகமானது. தேக்கு அலமாரி மட்டும் எண்ணெய்ச் சாயத்தோடு முரண்டு பிடிக்கும். தேக்கில் இயல்பாக உள்ள சத்து ஒன்று அந்தச் சாயத்தைக் காயவிடாது. அதற்கும் அரக்கே சரி.

செய்யும் வகை

முதலில் கழுவுதல். பாத்திரம் கழுவும் சோப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து, பிழிந்த துணியால் துடைத்து, வெறும் தண்ணீரால் மறுபடி துடைக்க வேண்டும். குழாயைத் திறந்து பீய்ச்சியடிப்பது கூடாது. பழைய அலமாரியின் மூட்டுகளில் இருப்பது பெரும்பாலும் தண்ணீரில் இளகும் பசை. காய்ந்ததும் டர்பெண்டைன் துணியால் மெழுகையும் எண்ணெயையும் எடுக்க வேண்டும், துணி சுத்தமாக வரும்வரை. இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். சாயம் உரிந்து வருவது அவர்கள் வீட்டில்தான். கரும்பூஞ்சைப் புள்ளிகள் இருந்தால் தண்ணீர் கலந்த வெளுப்பானைத் தடவிக் கழுவி, ஒரு வாரம் காயவிடுவது நல்லது.

அடுத்து உப்புத்தாள். 120-ஆம் எண்ணில் லேசாக, பிறகு 240-இல். மரத்தின் நிறம் வெளுக்கும்வரை தேய்க்க வேண்டிய அவசியமே இல்லை. எவ்வளவு தேய்த்தாலும் துவர்ப்பு உள்ளேதான் இருக்கிறது. சாயம் பிடிக்க ஒரு சொரசொரப்பு, அவ்வளவுதான்.

பிறகு அரக்கு அடிப்பூச்சு, மெல்லியதாக. அது வேகமாகக் காய்வதால் போன இடத்துக்கே தூரிகையைத் திருப்பிக்கொண்டு போகக்கூடாது. ஒரு மணி நேரம் விட்டு இரண்டாவது பூச்சு. கண்ணுக்கு மூலை முடுக்காகத் தோன்றும் இடங்களில், குறிப்பாகப் பலகையின் வெட்டுமுனையில், மூன்றாவதும் போடலாம். வெட்டுமுனைதான் மரம் நீரை உறிஞ்சும் வாய். ஒரே ஓர் ஊசித்துளை இடம் விட்டுப்போனாலும் அங்கே பழுப்புப் பொட்டு வந்து நிற்கும்.

ஈப்போவின் வானிலை இதில் ஒரு பங்காளி. பிற்பகல் இடி மழைக்கு முன் காற்றில் ஈரம் ஏறிவிட்டால், ஸ்பிரிட் ஆவியாகும் குளிர்ச்சியில் அந்த ஈரம் அரக்கின் மேல் படிந்து பால்போல் வெளுத்துவிடும். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி மதியத்துக்குள் முடிப்பது பாதுகாப்பு. சன்னல் திறந்திருக்க வேண்டும். சாமி விளக்கும் ஊதுபத்தியும் எரியும் அறையில் ஸ்பிரிட் டின்னைத் திறப்பது ஆபத்து. அதன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும்.

அடிப்பூச்சுக்குப் பிறகு அவசரம் ஆகாது. ஓர் உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும் மேல்சாயத்தைப் பூசி, இரண்டு நாள் பார்க்க வேண்டும். கறை எழவில்லை என்றால் முழுவதும் பூசலாம். எழுந்தால், அலமாரி முழுவதையும் திரும்பச் செய்வதற்குப் பதில் அந்த இடத்தில் மட்டும் இன்னொரு அரக்குப் பூச்சு போதும்.

அழகைவிடப் பெரிய கவலை

பழைய அலமாரியில் பழைய சாயமும் இருந்தால், கறையைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்து இனாமல் சாயங்களில், அதிலும் மஞ்சள், பச்சை, சிவப்பு நிறங்களில், ஈயம் சேர்ப்பது உலகெங்கும் வழக்கமாக இருந்தது. அமெரிக்கா வீட்டுச் சாயத்தில் 1978-ஆம் ஆண்டில்தான் அதைத் தடை செய்தது. இந்தியாவில் பத்து இலட்சத்தில் 90 பங்கு என்ற கடும் வரம்பு 2017-ஆம் ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே தோட்டத்து அலமாரியில் ஏற்கெனவே உள்ள சாயம் ஈயம் கலந்தது என்று வைத்துக்கொண்டு வேலை செய்வதே முறை.

சாயம் பலகையில் ஒட்டிக்கொண்டிருக்கும்வரை தொல்லை குறைவு. உலர்ந்தபடியே உப்புத்தாள் போட்டால் அது தூளாகி, தரையில் படிந்து, தவழும் குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போகிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கிறது. இந்த அளவுக்குக் கீழே போனால் பாதகமில்லை என்று சொல்லும்படியான அளவு எதுவும் கண்டறியப்படவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. தீபாவளிக்கு வீட்டை அழகுபடுத்தப் போய், வீட்டில் உள்ள சின்னஞ்சிறுசுக்கு நஞ்சைக் கொடுத்த கதையாகிவிடக்கூடாது.

ஆகவே பழைய சாயம் உள்ள அலமாரியில் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்தே தேய்க்க வேண்டும். கீழே பிளாஸ்டிக் விரித்து, குழந்தைகளையும் கர்ப்பிணிப் பெண்களையும் அப்பால் அனுப்பிவிட்டு, வாய்மூடி அணிந்து செய்ய வேண்டும். சேறாக வருவதை ஈரத் துணியால் எடுத்து, துணியோடு கட்டி எறிய வேண்டும், விளக்குமாற்றால் பெருக்கக்கூடாது. போட்டிருந்த சட்டையைத் தனியாகத் துவைக்க வேண்டும். நெருப்பு காட்டிச் சாயத்தை உரிப்பது சில பட்டறைகளில் பார்க்கக்கூடிய பழக்கம். ஈயம் ஆவியாக மூச்சில் ஏறும் என்பதால் அது அறவே கூடாது. பழைய சாயம் விரிசலின்றி உறுதியாக இருந்தால் சுரண்டாமலே விட்டு, லேசாக ஈரத்தில் சொரசொரப்பாக்கி, மேலே அடிப்பூச்சு போடுவதே எல்லாவற்றிலும் நல்லது.

பூசாமல் விடுவதும் ஒரு வழி

எல்லா அலமாரிக்கும் வெள்ளை வேண்டுமா என்பது வேறு கேள்வி. சாயமே பூசாத மெர்பாவ் அல்லது செங்கால் அலமாரி கையில் இருந்தால், அதை வெள்ளையாக்குவது நல்ல பட்டுச் சேலையைச் சுண்ணாம்பில் முக்குவதுபோல. மெராந்தி, ஞாத்தோ என்றால் பூசலாம். ஒட்டுப்போட்ட பலகை என்றால் தாராளமாகப் பூசலாம். மெருகு மங்கியிருக்கிறது என்பதற்காகச் சாயம் பூச நினைப்பவர்கள், முதலில் ஸ்பிரிட் துணியால் ஒரு மூலையைத் துடைத்துப் பார்க்கட்டும். பழைய அரக்கு மெருகு இளகி, கீறல் மறைந்து, மறுபடி பளபளக்கும். மேலே புதிய அரக்கு இரண்டு கை தடவினால் முடிந்தது.

தோட்டங்கள் துண்டாடப்பட்ட 1950, 60-களிலும், பால்மரம் போய்ச் செம்பனை வந்த பின்னாளிலும், நிலம் வீடமைப்புக்குப் போனபோதும் பேராக்கில் எத்தனையோ குடும்பங்கள் இடம் மாறின. தோட்டம் விற்கப்பட்டால் தொழிலாளி தெருவுக்கு வருகிறான் என்பதைக் கண்டுதான் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அதற்கும் எட்டாத குடும்பங்கள் மலிவுவிலை வீடுகளுக்கு வந்தபோது, பலகைச் சுவரில் காற்றோட்டமாக நின்ற அலமாரி சிமெண்டுச் சுவரோடு ஒட்டி நிறுத்தப்பட்டது. சுவரின் ஈரம் பின்பலகையில் ஏறி, நல்ல அடிப்பூச்சையும் மீறிக் கறை தரும். நான்கு விரல் இடைவெளி விட்டு நிறுத்தினால் போதும். கால்களுக்குக் கீழே சிறு இரப்பர் வில்லை வைத்தால் தரை கழுவும் தண்ணீரும் ஏறாது.

1980-களுக்குப் பின் வாங்கிய பால்மர அலமாரி வைத்திருப்பவர்களுக்குத் துவர்ப்புக் கறை பற்றிய கவலை வேண்டாம். அடியில் மெல்லிய மாவு கொட்டுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். கொட்டினால் வண்டு இருக்கிறது. சாயம் பூசி மூடிவிட்டால் வண்டு போகாது. துளைகளிலும் பூசாத பக்கத்திலும் போரான் கலந்த மருந்தை ஊறவிட்டு, மாவு நின்ற பிறகே சாயம்.

லாச்சியின் உள்பக்கத்துக்குச் சாயம் தேவையில்லை. பூசினால் ஈர நாளில் ஒட்டிக்கொண்டு இழுக்க வராது. மெழுகுவர்த்தியை அதன் ஓரங்களில் இரண்டு முறை தேய்த்தால் வழுக்கிக்கொண்டு வரும். அதோடு, பழைய லாச்சிகளின் அடிப்பலகையைத் திருப்பிப் பார்க்காமல் எதையும் பூசிவிடக்கூடாது. பென்சிலால் பிள்ளைகள் பிறந்த தேதியையும், சீட்டுப் பணக் கணக்கையும் அங்கே எழுதிவைத்த பெரியவர்கள் உண்டு. அந்தப் பலகையை உலர்ந்த துணியால் துடைத்து, எழுத்தின் மேல் தண்ணீரோ ஸ்பிரிட்டோ படாமல், இருந்தபடியே மாட்டிவிட வேண்டும்.